‘மால்டீஸ் ஃபால்கன்’ நடிகர்கள் எல்லாரும் ஒரே இடத்திலா அடக்கம்?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா பாருங்கள். அடுத்த மாதம் லாஸ் ஏஞ்சலஸில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறீர்கள். 1941-இல் வந்த ‘த மால்டீஸ் ஃபால்கன்’ உங்களுக்கு மிகவும் பிடித்த படம். அதில் நடித்தவர்கள் எல்லாரும் ஒரே கல்லறைத் தோட்டத்தில் இருப்பதாகவும், அது சபிக்கப்பட்ட படம், நடித்த யாருக்கும் நல்ல சாவு வாய்க்கவில்லை என்றும் ஒரு வீடியோவில் கேட்டிருக்கிறீர்கள். அது உண்மையா, போனால் பார்க்க முடியுமா என்பது கேள்வி. முகவரி கேட்பது போலத்தான் இருக்கிறது. ஆனால் ‘நல்ல சாவு’ என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். திரையில் சுடுபட்டும் காட்டிக்கொடுக்கப்பட்டும் மழையில் விழுந்தும் செத்த அந்த மனிதர்கள் நிஜத்தில் எப்படிப் போய்ச் சேர்ந்தார்கள் என்பதுதான் உங்களை உறுத்துகிறது என்று எடுத்துக்கொண்டு, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் நேரடிப் பதில். ஒரே இடத்தில் இல்லை. உங்களுக்குத் தெரிந்த முகங்களே லாஸ் ஏஞ்சலஸைச் சுற்றி மூன்று வெவ்வேறு தோட்டங்களில் இருக்கிறார்கள். சாபக் கதைக்கு அவர்கள் வயதே பதில் சொல்லும். ஹம்ஃப்ரி போகார்ட் 57 வயதில் இறந்தார், பீட்டர் லோரே 59. இந்த இரண்டும் சீக்கிரம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சிட்னி க்ரீன்ஸ்ட்ரீட் 74 வயது வரை இருந்தார். படத்தின் நாயகி மேரி ஆஸ்டர் 81. இயக்குநர் ஜான் ஹியூஸ்டனும் 81. கோட்டுப் பையில் துப்பாக்கியோடு முறைத்துக்கொண்டே திரியும் வில்மராக நடித்தாரே எலிஷா குக் ஜூனியர், அவர் 1995-இல் 91 வயதில்தான் போனார். முக்கிய நடிகர்களில் கடைசியாகப் போனவர் அவர். எந்தக் குடும்பத்தின் மூத்த தலைமுறையை எடுத்தாலும் கணக்கு ஏறக்குறைய இப்படித்தான் வரும்.

இதையெல்லாம் எப்படிச் சொல்கிறேன் என்றும் சொல்லிவிட வேண்டும். நான் ஒரு கல்லூரி நூலகத்தில் 27 வருடம் வேலை பார்த்தவன். எங்கள் ஊர் திரைப்படச் சங்கத்துக்குப் படக்குறிப்பு எழுதுவதும் என் வேலைதான். திரையிடலுக்கு முன்னால் வாசலில் கையில் கொடுப்பார்களே, அந்த ஒற்றைத் தாள். அமெரிக்கக் கறுப்பு வெள்ளைக் குற்றப் படங்கள், அதாவது பிரெஞ்சு விமர்சகர்கள் ஃபிலிம் நுவார் என்று பெயர் வைத்த அந்த வகை, எனக்கு உயிர். ஒருமுறை ‘டபுள் இன்டெம்னிட்டி’ போட்டபோது, அதன் நாயகி பார்பரா ஸ்டான்விக் லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்து ஃபாரஸ்ட் லான் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் என்று தாளில் அச்சடித்துவிட்டேன். பெரிய நடிகர்கள் எல்லாம் அங்கேதானே என்ற நினைப்பில் எழுதியது. படம் முடிந்ததும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் என்னிடம் வந்து, “சார், அந்த அம்மாவுக்குக் கல்லறையே கிடையாது, அஸ்தியைத் தூவிவிட்டார்கள்” என்றார். அவர் சொன்னதே சரி. ஒரு மனுஷி யோசித்து, எழுதி வைத்து, விட்டுப்போன கடைசி ஆசையை நான் ஒரு வரியில் இல்லாமல் ஆக்கிவிட்டேன். அன்றிலிருந்து இந்த விஷயத்தில் ஆதாரம் பார்க்காமல் ஒரு வரிகூட எழுதுவதில்லை.

ஆதாரத்திலும் ஏற்ற இறக்கம் உண்டு. மேலே இருப்பது இறப்புச் சான்றிதழ். கலிஃபோர்னியாவில் தகனமா, அடக்கமா, எந்த இடம் என்பதற்கு அதிலேயே இடம் இருக்கும். அடுத்தது கல்லறைத் தோட்டத்தின் சொந்தப் பதிவு. அப்புறம் அந்த வாரத்துச் செய்தித்தாள், மனைவியோ மகளோ பின்னால் எழுதியது. கடைசியில்தான் ஆர்வலர்கள் படம் எடுத்துப் போடும் கல்லறைத் தளங்கள். அவர்கள் உழைப்பின் மீது எனக்கு மரியாதை உண்டு, ஆனால் நினைவுக்காக நட்ட கல்லையும் உடல் இருக்கும் இடத்தையும் பல சமயம் அங்கே கலந்துவிடுவார்கள். வீடியோக்காரர்கள் அங்கிருந்து எடுத்துப் பின்னணி இசை சேர்த்துவிடுகிறார்கள். நான் லாஸ் ஏஞ்சலஸ் போனது இரண்டே தடவை. நியூயார்க் பக்கத்துக் கல்லறைகள் எதையும் நேரில் பார்த்ததில்லை. அதையும் மனதில் வைத்துப் படியுங்கள்.

போகார்டிலிருந்து தொடங்குவோம். தெருவில் வளர்ந்த முரடன் என்று திரை நமக்குச் சொன்ன மனிதர் நியூயார்க்கின் வசதியான டாக்டர் வீட்டுப் பிள்ளை. அப்பா அறுவை சிகிச்சை நிபுணர். அம்மா மாட் ஹம்ஃப்ரி பத்திரிகைகளுக்கும் விளம்பரங்களுக்கும் வரைந்து நன்றாகச் சம்பாதித்த ஓவியர். 1899-இல், கிறிஸ்துமஸ் அன்று பிறந்தவர் போகார்ட். நல்ல பள்ளிக்கூடத்திலிருந்து வெளியேற்றப்பட்டு, முதல் உலகப் போர்க் காலத்தில் கடற்படையில் சேர்ந்து, அப்புறம்தான் நாடகத்துக்கு வந்தார். 40 வயது வரை அவர் யாரோ ஒருவரிடம் சுடுபட்டுச் சாகும் இரண்டாம் நிலை வில்லன். ஜார்ஜ் ராஃப்ட் வேண்டாம் என்று தள்ளிய வேடங்கள்தான் இவரை மேலே கொண்டுவந்தன. ‘ஃபால்கன்’ துப்பறிவாளன் வேடமும் அப்படி வந்ததுதான்.

சிகரெட்டும் மதுவும் அவர் கையை விட்டு இறங்கியதில்லை. 1956-இல் உணவுக்குழாயில் புற்றுநோய் என்று தெரிந்து பெரிய அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகான மாதங்களைப் பற்றி மனைவி லாரன் பேகால் எழுதியிருப்பதைப் படித்தால் நெஞ்சு கனக்கும். மாடிப்படி இறங்க முடியாமல் போனதும், சமையலறையிலிருந்து மாடிக்குச் சாமான் ஏற்றும் சின்ன லிஃப்டில் உட்காரவைத்து அவரைக் கீழே இறக்குவார்கள். கீழே வந்ததும் சக்கர நாற்காலிக்கு மாற்றி, மாலை வரும் நண்பர்கள் முன்னால் கொண்டுபோய் விடுவார்கள். சவரம் செய்து, உடை மாற்றி, கையில் ஒரு கோப்பையோடு உட்கார்ந்திருப்பார். வந்தவர்களிடம் நோயைப் பற்றிப் பேச்சே எடுக்க மாட்டார். கடைசியில் அவர் எடை 36 கிலோ அளவுக்குக் குறைந்திருந்தது. 1957 ஜனவரி 14 அன்று இறந்தார். பெவர்லி ஹில்ஸ் தேவாலயத்தில் நடந்த இறுதி ஆராதனையில் சவப்பெட்டி இல்லை. அந்த இடத்தில் அவர் உயிராக நேசித்த ‘சாந்தானா’ என்ற பாய்மரப் படகின் மாதிரி ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. இரங்கல் உரை ஆற்றியது ஜான் ஹியூஸ்டன்.

அஸ்தி க்ளெண்டேல் ஃபாரஸ்ட் லானில், ‘கார்டன் ஆஃப் மெமரி’ என்ற பகுதியில் ஒரு மாடச் சுவரில் இருக்கிறது. அஸ்திக் கலசங்களை வைத்து மூடும் சிறு மாடங்கள் வரிசை வரிசையாக அமைந்த சுவர் அது. அவர் அஸ்தியோடு பேகால் ஒரு சின்னத் தங்க விசிலை வைத்தார். 1944-இல் இருவரும் முதன்முதலாகச் சேர்ந்து நடித்த படத்தில், என்னைக் கூப்பிட வேண்டுமானால் ஒரு விசில் அடித்தால் போதும் என்று 19 வயதுப் பேகால் அவரிடம் சொல்லிவிட்டுப் போவார். அதன் நினைவாக வைத்தது. விசில் வைத்தது உறுதி. அதில் பொறித்திருக்கும் வாசகம் மட்டும் எழுதுகிறவருக்குத் தகுந்தாற்போல ஒரு சொல் இரண்டு சொல் மாறிக்கொண்டே இருக்கிறது. பேகால் அதற்குப் பிறகு 57 வருடம் வாழ்ந்தார். 2014-இல் அவர் இறந்ததும் அவரையும் அதே ஃபாரஸ்ட் லானுக்குத்தான் கொண்டுவந்தார்கள்.

அடுத்தவரைப் பற்றிச் சொல்லத்தான் எனக்கு ஆசை அதிகம். பருத்த உடம்பும் குலுங்கும் சிரிப்புமாகப் பறவைச் சிலையைத் தேடும் காஸ்பர் கட்மன், அதாவது சிட்னி க்ரீன்ஸ்ட்ரீட். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் சாண்ட்விச் என்ற ஊரில் 1879-இல் பிறந்தவர், தோல் பதனிடும் தொழில் செய்தவரின் மகன். இவர் வாலிப வயதில் எங்கே போனார் தெரியுமா? இலங்கைக்கு. தேயிலைத் தோட்டம் போட்டுப் பணம் பண்ணலாம் என்று கப்பல் ஏறியிருக்கிறார். காப்பிச் செடியை இலைநோய் அழித்துவிட்டு, மலை முழுக்கத் தேயிலைக்கு மாறிய காலம் அது. திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து போன நம் மக்கள்தான் அந்த மலைகளில் கொழுந்து கிள்ளினார்கள். மலையக வழக்கில் சொன்னால், க்ரீன்ஸ்ட்ரீட் ஒரு தோட்டத்துரையாகப் பார்த்தார். மழை பொய்த்தது, தொழில் படுத்தது, ஊர் திரும்பினார். அப்புறம் பீர் ஆலை ஒன்றில் நிர்வாகி. பொழுது போகாமல் நடிப்பு வகுப்பில் சேர்ந்தார். 1902-இல் கிடைத்த முதல் மேடை வேடமே ஒரு ஷெர்லக் ஹோம்ஸ் நாடகத்தில் கொலைகாரன் வேடம்.

அதற்குப் பிறகு 40 வருடம் நாடகம், நாடகம், நாடகம். சினிமா பக்கமே வரவில்லை. ‘ஃபால்கன்’தான் முதல் படம், அப்போது வயது 61. அந்தப் படத்துக்கே ஆஸ்கர் பரிந்துரை வந்தது. சினிமாவில் மொத்தம் எட்டு வருடம்தான் இருந்தார், லோரேயோடு மட்டும் ஒன்பது படங்கள். நீரிழிவும் சிறுநீரகக் கோளாறும் அவரை வீட்டில் உட்கார வைத்தன. 1954 ஜனவரியில் இறந்தார். அஸ்தி ஃபாரஸ்ட் லானின் ‘கிரேட் மாசோலியம்’ என்ற பெரிய கல்லறைக் கட்டடத்துக்குள் இருக்கிறது. அங்கே கண்ணாடி ஓவியம் பார்க்க வருகிறவர்களை ஒரு கூடத்தோடு நிறுத்திவிடுவார்கள். அவர் இருக்கும் உள்பகுதிக்கு நாம் போக முடியாது. ஒரு மழை சரியாகப் பெய்திருந்தால் நுவரெலியா பக்கம் எங்கோ ஒரு பங்களாவில் கணக்குப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார், நமக்குக் கட்மன் கிடைத்திருக்க மாட்டார் என்று ஒவ்வொரு முறை படம் பார்க்கும்போதும் நினைத்துக்கொள்வேன்.

பீட்டர் லோரேயின் இயற்பெயர் லாஸ்லோ லோவென்ஸ்டைன். 1904-இல் அன்றைய ஆஸ்திரியா-ஹங்கேரியில், இன்று ஸ்லோவாக்கியாவில் இருக்கும் ரூசோம்பெரோக்கில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். 1931-இல் ஜெர்மனியில் ஃப்ரிட்ஸ் லாங் எடுத்த ‘எம்’ படத்தில் குழந்தைகளைக் கொல்கிறவனாக நடித்து உலகத்தையே உலுக்கினார். அந்தப் படத்தில் கொலைகாரன் ஒரு மெட்டை விசிலடித்துக்கொண்டே வருவான். லோரேவுக்கு விசிலடிக்க வராது, நமக்குக் கேட்பது இயக்குநர் லாங் அடித்த விசில். 1933-இல் ஹிட்லர் வந்ததும் லோரே நாட்டை விட்டு வெளியேறினார். 1940-இல் வந்த ஒரு நாஜிப் பிரசாரப் படம், ‘எம்’ படத்தில் அவர் கதறும் காட்சியை வெட்டி எடுத்து, யூதன் இப்படித்தான் என்று காட்டியது. அவர் நடிப்பையே அவர் இனத்துக்கு எதிராகத் திருப்பிய அந்த அக்கிரமத்தை எழுதும்போது இன்னும் எனக்குக் கை நடுங்குகிறது.

லண்டனில் ஹிட்ச்காக்கின் படத்துக்கு ஆங்கில வசனத்தை ஒலியாக மனப்பாடம் செய்து பேசினார், மொழி அப்போது அவ்வளவாகத் தெரியாது. இளவயதில் ஓர் அறுவை சிகிச்சைக்குப் பின் வலிக்காகப் போட்ட மார்ஃபின் பழக்கமாகிப் பல வருடம் அவரைப் படுத்தியது. 1964 மார்ச் 23 அன்று பக்கவாதம் வந்து இறந்தார். மூன்றாவது மனைவியோடு விவாகரத்து வழக்கு விசாரணைக்கு வரவேண்டிய நாள் அது. இரங்கல் உரை வாசித்தவர் நடிகர் வின்சென்ட் பிரைஸ். இன்னொரு விஷயம், படத்தில் வைத்தால் நம்ப மாட்டோம். 1977-இல் லாஸ் ஏஞ்சலஸை நடுங்க வைத்த தொடர் கொலைகாரர்கள் இருவர் போலீஸ் வேடத்தில் ஒரு இளம்பெண்ணைத் தெருவில் மடக்கினார்கள். அவர் லோரேயின் மகள் என்று தெரிந்ததும் விட்டுவிட்டார்கள். அவர்கள் பிடிபட்ட பிறகுதான் தாம் தப்பியது எதிலிருந்து என்பது அந்தப் பெண்ணுக்கே தெரிந்தது.

லோரேயின் அஸ்தி இருப்பது ஹாலிவுட் ஃபாரெவர் கல்லறைத் தோட்டத்தில். இங்கே நான் போயிருக்கிறேன். 1899-இல் தொடங்கிய இடம், பாரமவுண்ட் ஸ்டூடியோ மதிலுக்கு அடுத்த பக்கம். உள்ளே மயில்கள் திரியும். கதீட்ரல் மாசோலியம் என்ற பளிங்குக் கட்டடத்துக்குள் நுழைந்தால் வெயிலிலிருந்து சட்டென்று குளிர். மௌனப்பட நாயகன் வாலண்டினோவைத் தேடி வருகிறவர்கள் நேராக உள்ளே போய்விடுவார்கள், அவர் முன்னால் எப்போதும் பூ இருக்கும். லோரேவுக்கு இருப்பது பக்கவாட்டு நடையில் ஒரு சிறு மாடம். கை விரித்து வைத்தால் ஏறக்குறைய மறைந்துவிடும் போல இருந்தது. உலகத்தில் பாதிப் பேரால் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடக்கூடிய அந்தப் பெரிய கண்களுக்கு இவ்வளவு சின்ன இடமா என்று முதலில் வருத்தமாக இருந்தது. கொஞ்ச நேரம் நின்ற பிறகு, நாட்டை விட்டு ஓடி வந்த மனிதருக்கு யாரும் தொந்தரவு செய்யாத ஒரு மூலை கிடைத்திருக்கிறது என்று தோன்றியது. அதே தோட்டத்தில், திறந்தவெளியில், ஜான் ஹியூஸ்டன் தன் தாய்க்குப் பக்கத்தில் இருக்கிறார்.

மேரி ஆஸ்டர் கத்தோலிக்கத்துக்கு மாறியவர். அதனால் கல்வர் சிட்டியில் இருக்கும் ஹோலி கிராஸ் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். 1936-இல் மகளை யார் வளர்ப்பது என்ற வழக்கில் அவருடைய சொந்த டைரி நீதிமன்றத்துக்கு இழுக்கப்பட்டது. பத்திரிகைகள் அதிலிருந்து எடுத்ததாகச் சொல்லிப் போலிப் பக்கங்களைக்கூட அச்சிட்டன. நீதிமன்றக் காவலில் இருந்த டைரியை 1952-இல் எரித்துவிட்டார்கள். இன்றைக்கும் அந்த டைரியிலிருந்து என்று யாராவது சரச வரிகளை மேற்கோள் காட்டினால் நம்பாதீர்கள். அவர் குடியோடு நெடுநாள் போராடி மீண்டு, தன் வரலாறும் நாவல்களும் எழுதி, திரைத்துறையினருக்கான முதியோர் இல்லத்தில் 1987 செப்டம்பரில் இறந்தார். ஹியூஸ்டன் இறந்தது அதற்கு முந்தைய மாதக் கடைசியில். இருவரும் 1906-இல் பிறந்தவர்கள். சாபத்தை நம்புகிறவர்கள் இந்தப் பொருத்தத்தையும் எடுத்துப் போட்டுக்கொள்வார்கள், 81 வயது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

உங்கள் படத்தைத் தாண்டிக் கொஞ்சம் போகிறேன், ஏனென்றால் ‘எல்லாரும் ஹாலிவுட்டில்தான்’ என்ற நினைப்பு அங்கேதான் உடைகிறது. குற்றப் படங்களின் பெரிய தலைகள் பலர் கடைசியில் நியூயார்க் பக்கம் திரும்பிவிட்டார்கள். எட்வர்ட் ஜி. ராபின்சன் புகாரெஸ்டில் பிறந்த இமானுவேல் கோல்டன்பெர்க், சிறுவனாக நியூயார்க் வந்தவர். 1931-இல் ‘லிட்டில் சீசர்’ படத்தில் தாதாவாக வந்து அந்த வகைக்கே அச்சு வார்த்தார். நிஜத்தில் சாதுவான மனிதர், ஓவியப் பித்து. உயிராகச் சேர்த்த ஓவியங்களை விவாகரத்துக்காக 1957-இல் விற்க வேண்டி வந்தது. ஒரு தடவைகூட ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்படாத அவருக்கு 1973-இல் கௌரவ ஆஸ்கர் என்று முடிவு செய்தார்கள். விழாவுக்கு இரண்டு மாதம் முன்னால் புற்றுநோயில் இறந்துவிட்டார், மனைவிதான் மேடையேறி வாங்கினார். லாஸ் ஏஞ்சலஸில் இறுதிச் சடங்கு நடந்தது, உடல் மட்டும் நாட்டின் மறுகோடிக்குப் போய், நியூயார்க் குவீன்ஸில் பெத்-எல் கல்லறைத் தோட்டத்தில் குடும்பக் கல்லறை மண்டபத்தில் வைக்கப்பட்டது. சில குறிப்புகளில் புரூக்ளின் என்று இருக்கும். அந்தப் பகுதி இரண்டுக்கும் எல்லையில் இருப்பதால் வந்த குழப்பம்.

ஜேம்ஸ் காக்னியும் அப்படித்தான். ‘த பப்ளிக் எனிமி’யிலும் ‘வைட் ஹீட்’டிலும் நம்மை மிரட்டியவர், நிஜத்தில் 1922-இல் கட்டிய மனைவியோடு 63 வருடம் வாழ்ந்து, நியூயார்க் மாநிலத்துப் பண்ணை வீட்டில் 1986 ஈஸ்டர் ஞாயிறன்று இறந்தார். சிறுவனாக உறுதிபூசுதல் பெற்ற அதே மன்ஹாட்டன் தேவாலயத்தில் இறுதித் திருப்பலி.  அதே மாநிலத்து ஹாதார்னில் கேட் ஆஃப் ஹெவன் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார். ‘நல்ல சாவு’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் எதைச் சொல்வார்களோ, அது இவருக்குக் கிடைத்தது.

கிடைக்காதவர் ஜான் கார்ஃபீல்ட். நியூயார்க் ஏழைத் தெருவில் வளர்ந்தவர், ‘த போஸ்ட்மேன் ஆல்வேஸ் ரிங்ஸ் ட்வைஸ்’, ‘ஃபோர்ஸ் ஆஃப் ஈவில்’ படங்களின் நாயகன். சின்ன வயதிலிருந்தே இதயம் பலவீனம். 1951 ஏப்ரலில் கம்யூனிஸ்டுகளைத் தேடிய நாடாளுமன்றக் குழு முன்னால் நிறுத்தப்பட்டார். நண்பர்கள் பெயரைச் சொல்ல மறுத்தார். படங்கள் நின்றன. 1952 மே 21 அன்று மாரடைப்பு, வயது 39. இறுதி ஊர்வலத்தன்று ஆயிரக்கணக்கானவர்கள் தெருவில் நின்றார்கள். நியூயார்க் மாநிலத்து ஹேஸ்டிங்ஸ்-ஆன்-ஹட்சனில் இருக்கிறது கல்லறை. அரசியல் நெருக்கடிதான் அவரைக் கொன்றது என்று பலர் எழுதுவார்கள். இதயநோய் முன்பே இருந்தது உறுதி, நெருக்கடி அவரை ஒடித்ததும் உறுதி. ஒன்று இன்னொன்றை எவ்வளவு துரிதப்படுத்தியது என்று எந்த மருத்துவரும் அளந்து சொல்ல முடியாது. ஆனாலும், சாபம் என்ற சொல்லை யாருக்காவது பயன்படுத்த வேண்டுமென்றால், இப்படிப்பட்டவர்களுக்கு வேலை தராமல் ஒதுக்கிய அந்தக் கறுப்புப் பட்டியலுக்குத்தான் பயன்படுத்துவேன்.

ஸ்டான்விக் விஷயத்தை மேலே பாதியில் விட்டேன். 1990 ஜனவரியில் 82 வயதில் இறந்தார். சடங்கு எதுவும் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். கலிஃபோர்னியாவின் லோன் பைன் பகுதியில், தான் கௌபாய் படங்கள் சிலவற்றில் நடித்த பாறை மலைகளுக்கு மேலே, ஹெலிகாப்டரிலிருந்து அஸ்தியைத் தூவினார்கள். நாம் ராமேஸ்வரத்திலும் காவிரியிலும் அஸ்தி கரைக்கிறவர்கள், நமக்கு இது அந்நியமாகத் தெரியாது. ராபர்ட் மிச்சமின் அஸ்தியும் 1997-இல் கடலில்தான் கலந்தது. இவர்களுக்கெல்லாம் கல்லறை எண் போட்டு எங்கேயாவது பார்த்தால் அது தவறு.

சந்தேகக் கேஸ் என்று நான் தனியாக வைத்திருப்பது வெரோனிகா லேக். ஒரு கண்ணை மறைத்து விழும் பொன்னிறக் கூந்தல், ‘திஸ் கன் ஃபார் ஹையர்’, ‘த ப்ளூ டேலியா’. போர்க்காலத்தில் ஆலைக்குப் போன பெண்கள் அந்தக் கூந்தலைப் பார்த்து வளர்த்து இயந்திரத்தில் மாட்டிக்கொள்ளக் கூடாதென்று, அரசு கேட்டுக்கொண்டதால் தன் கூந்தல் பாணியை மாற்றினார். குடியும் கடனும் சேர்ந்து அவரை இறக்கின. 1960-களின் தொடக்கத்தில் மன்ஹாட்டன் விடுதி ஒன்றில் மது பரிமாறும் வேலை செய்துகொண்டிருந்தவரை ஒரு நிருபர் அடையாளம் கண்டார். 1973 ஜூலையில் வெர்மான்ட்டில் 50 வயதில் இறந்தார். தகனம் நடந்தது உறுதி. அஸ்தி இரண்டு மூன்று வருடம் யாரும் வாங்காமல் ஈமக்கிரியை நிலையத்திலேயே இருந்ததும், பிறகு நண்பர்கள் எடுத்துப்போய் வர்ஜின் தீவுகள் கடலில் தூவியதாகச் சொன்னதும் பதிவில் இருக்கின்றன. ஆனால் 2004-இல், அந்த அஸ்தியில் ஒரு பகுதி நியூயார்க் மாநிலத்துப் பழம்பொருள் கடை ஒன்றில் இருப்பதாகச் செய்தி வந்தது. அதை யாரும் நிரூபிக்கவில்லை, பொய் என்றும் காட்டவில்லை. அதனால் என் குறிப்பில் ‘தகனம்’ என்ற சொல்லோடு நிறுத்திக்கொள்வேன். கடையில் இருந்தது என்ற கதையைச் சுவைக்காகத் திரும்பத் திரும்பச் சொல்வது அந்த அம்மாவுக்கு நாம் செய்யும் மரியாதை இல்லை என்பது என் எண்ணம்.

சரி, உங்கள் பயணத்துக்கு வருவோம். ஃபாரஸ்ட் லான் 300 ஏக்கர். கற்கள் எல்லாம் தரையோடு தரையாகப் பதித்தவை, நிமிர்ந்து நிற்பதில்லை, தேடுவது கஷ்டம். பிரபலங்கள் இருக்கும் இடத்தைப் பணியாளர்கள் சொல்வதில்லை, அது அவர்கள் விதி, நியாயமான விதி என்றே நினைக்கிறேன். போகார்ட் இருக்கும் பகுதிக்கு வாசல் பூட்டியிருக்கும், குடும்பத்தாருக்குத்தான் சாவி. வேலிக்கு வெளியே நின்று கும்பிட்டுவிட்டு வாருங்கள். இன்னொன்று, ஃபாரஸ்ட் லான் என்ற பெயரில் ஹாலிவுட் ஹில்ஸிலும் ஒரு தோட்டம் உண்டு. ‘ஃபால்கன்’ வேடத்தை மறுத்த ஜார்ஜ் ராஃப்ட் அங்கேதான் இருக்கிறார். காரில் ஏறும்போது க்ளெண்டேல் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

ஹோலி கிராஸில் யாரும் தடுக்க மாட்டார்கள். மேரி ஆஸ்டரைப் பார்த்துவிட்டு, ‘கில்டா’வின் ரீட்டா ஹேவொர்த்தையும் பாருங்கள், அதே தோட்டம்தான், அவரும் 1987-இல்தான் இறந்தார். ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் ஹாலிவுட் ஃபாரெவர் போங்கள். சாண்டா மோனிகா சாலை மீதே வாசல். கட்டடத்துக்குள் போகும் நேரம் வெளித் தோட்டத்தின் நேரத்திலிருந்து மாறலாம், வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள். கோடையில் வந்தால் சில இரவுகளில் உள்ளே புல்வெளியில் பழைய படம் போடுவார்கள், மாசோலியத்தின் வெளிச்சுவர்தான் திரை. லோரே இருக்கும் அதே கட்டடத்தின் சுவர் அது.